மரம்தான் மலிவான தவறு

மைதானத்தில் மரம் அதிகமா? அப்படியானால் டிரைவரைப் பையிலேயே விட்டுவிடு. அயர்னை எடு, நடுவில் தட்டு, மரத்துக்குள் மட்டும் போகாதே. கோல்ஃப் ஆடுபவர்களிடையே இந்த உபதேசம் யாரும் கேள்வி கேட்காமலே ஓடிக்கொண்டிருக்கிறது. கிளப்பின் மூத்தவர்கள் புதிதாகச் சேர்ந்தவருக்கு இதைச் சொல்கிறார்கள். தொலைக்காட்சி வர்ணனையாளர்கள் பைன் மரங்களைத் திரையில் கண்டதும் சொல்கிறார்கள். சில இடங்களில் ஆடுபவர் கை நீட்டும் முன்பே கேடி அயர்னை உருவிக் கொடுத்துவிடுகிறார். நிதானமான புத்திமதி போலத்தான் ஒலிக்கிறது. ஆனால் கணக்குப் பார்க்காமல் சொல்லப்படும் புத்திமதி இது. மரம் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவதால் அதற்கு நாம் கொடுக்கும் விலையும் பெரிதாகத்தான் இருக்கும் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். மரம் சூழ்ந்த நல்ல மைதானங்களில் பல ஹோல்களில் மரத்தடிதான் விலை குறைந்த தவறு. பெரிய நஷ்டம் வேறு பக்கத்தில் காத்திருக்கிறது. அந்த வேறு பக்கமும் ஹோலுக்கு ஹோல் மாறுகிறது.

முதலில் கணக்கு. கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி, பிஜிஏ டூர் ஆட்டக்காரர்கள் அடித்த ஷாட்களின் பதிவுகளை ஆராய்ந்து, எந்தத் தொலைவிலிருந்து, எந்தத் தரையிலிருந்து அடித்தால் சராசரியாக எத்தனை ஸ்ட்ரோக்கில் பந்து குழிக்குள் விழுகிறது என்று ஓர் அட்டவணை போட்டார். 2014இல் வந்த 'எவ்ரி ஷாட் கவுண்ட்ஸ்' நூலில் அது இருக்கிறது. ஃபேர்வேயில் 160 கஜத்தில் நிற்பவருக்கு 2.98 ஸ்ட்ரோக். அதே ஃபேர்வேயில் 200 கஜத்தில் நிற்பவருக்கு 3.19. மரத்துக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, 160 கஜத்திலிருந்து எப்படியாவது வெளியே எடுத்தாக வேண்டியவருக்கு 3.81.

இதை வைத்து உபதேசத்தைச் சோதிக்கலாம். டிரைவருக்குப் பதில் அயர்ன் எடுத்து 40 கஜம் பின்தங்கினால் 0.21 ஸ்ட்ரோக் போகிறது. இது எப்போதாவது போவதல்ல, ஒவ்வொரு முறையும் நிச்சயமாகப் போவது. மரத்தில் மாட்டினால் போவது 0.83. அதாவது, டிரைவர் அடித்தால் அயர்னைவிட நான்கில் ஒரு முறை கூடுதலாக மரத்தில் மாட்டுவேன் என்பவருக்குத்தான் இரண்டும் சமம். அதற்குக் குறைவாக மாட்டுபவர் அயர்ன் எடுத்து ஸ்ட்ரோக்கை வீணாக்குகிறார். அயர்ன் மட்டும் எப்போதும் நேராகப் போய்விடுகிறதா? பந்து சிதறும் அகலம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். மரத்துக்குள் போகும் பந்துகளில் ஒரு பங்குக்கு முன்னால் திறந்த வழி கிடைத்துவிடும் என்பதையும் சேர்த்துக்கொண்டால் உபதேசம் இன்னும் பலவீனமாகிறது.

இது தொழில்முறை ஆட்டக்காரரின் கணக்கு, நம்மைப் போன்றவர்களுக்குப் பொருந்தாது என்பார்கள். பொருந்தாதுதான், ஆனால் அவர்கள் நினைக்கும் திசையில் அல்ல. 200 கஜத்திலிருந்து கிரீனைத் தொடுவது டூர் ஆட்டக்காரருக்கு அன்றாட வேலை. கிளப் ஆட்டக்காரருக்கு அது வுட்டை எடுத்து மூச்சுமுட்ட அடிக்கிற ஷாட். பின்தங்குவதன் விலை அவருக்குக் கூடுமே தவிரக் குறையாது.

உபதேசத்துக்கு நேரெதிரான ஒரு கேலி வாக்கும் கிளப்களில் உலவுகிறது: மரத்தில் தொண்ணூறு சதவீதம் காற்றுதானாம், தைரியமாக அடிக்கலாமாம். அதையும் நான் ஏற்கவில்லை. இரண்டு வாக்குகளுக்கும் கிளை இலைமேல்தான் கண். நான் பார்க்கச் சொல்வது மரத்தடியை.

தில்லி கோல்ஃப் கிளப்பின் லோதி மைதானத்தை உதாரணமாகக் காட்டுவார்கள். 2025 அக்டோபரில் அங்கே டிபி வேர்ல்ட் இந்தியா சாம்பியன்ஷிப் நடந்தபோது, ரோரி மெக்கில்ராய் இங்கே டிரைவருக்கு வேலையே இல்லை என்று சொல்லிவிட்டுத்தான் ஆடினார். பார்த்தீர்களா, டிரைவரை உலகிலேயே மிகச் சிறப்பாக அடிப்பவரே அதை ஒதுக்கிவிட்டார் என்று நம் ஊர் மூத்தவர்களுக்கு ஒரே கொண்டாட்டம். அவர் செய்தது சரிதான். ஆனால் ஏன் சரி? தில்லியில் ஃபேர்வேயை ஒட்டி முள்ளும் புதரும் மண்டிக் கிடக்கின்றன. உள்ளே போன பந்து கிடைக்காது. கிடைத்தாலும் அடிக்க முடியாது. தொலைந்த பந்துக்கு ஒரு பெனால்ட்டி ஸ்ட்ரோக், அதோடு பழைய இடத்துக்கே திரும்பிப் போய் அடிக்க வேண்டும். ஏறக்குறைய இரண்டு ஸ்ட்ரோக் நஷ்டம். மேலே போட்ட கணக்கில் 0.83 இருந்த இடத்தில் 2 வந்து உட்கார்ந்தால் விடை மாறத்தானே செய்யும்? மெக்கில்ராய் பயந்தது புதருக்கு. அந்தப் புதரை வெட்டிவிட்டு மரங்களை மட்டும் விட்டுவைத்தால் அவர் பையிலிருந்து டிரைவர் வெளியே வந்துவிடும்.

மரம்தான் மைதானத்தைக் கடினமாக்குகிறது என்ற நம்பிக்கைக்கும் ஒரு பதில் இருக்கிறது: அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள ஓக்மாண்ட். 1903இல் மரமே இல்லாத மைதானமாகப் பிறந்தது. பிற்பாடு ஆயிரக்கணக்கில் நட்டார்கள். 1990களிலிருந்து ஆயிரக்கணக்கில் வெட்டினார்கள். வெட்டிய பிறகு எளிதாகிவிட்டதா? 2007 யூ.எஸ். ஓப்பனில் ஏஞ்சல் கப்ரேரா பாருக்கு மேல் 5 எடுத்து வென்றார். 2025இல் பாருக்குக் கீழே முடித்தவர் ஜே.ஜே. ஸ்பான் ஒருவர்தான், அதுவும் ஒரே ஒரு ஸ்ட்ரோக். ஓக்மாண்டின் கொடுமை அதன் கிரீன்களிலும் பங்கர்களிலும் இருந்தது. மரம் சும்மா நின்றுகொண்டிருந்தது.

இனி ஹோல் ஹோலாகப் பார்க்க வேண்டும். பொதுவாகப் பேசித்தான் இந்த உபதேசம் இத்தனை காலம் தப்பித்திருக்கிறது. அதற்கு அகஸ்டா நேஷனலைவிட நல்ல இடம் இல்லை. மாஸ்டர்ஸ் போட்டி 1934 முதல் அங்கேயேதான் நடக்கிறது. ஒவ்வொரு ஹோலின் வரலாறும் பொதுவில் கிடைக்கிறது. பாபி ஜோன்ஸும் அலிஸ்டர் மெக்கன்சியும் சேர்ந்து அமைத்த மைதானம். பெர்க்மன்ஸ் குடும்பத்தின் நாற்றுப்பண்ணையாக இருந்த நிலம் என்பதால் ஒவ்வொரு ஹோலுக்கும் ஒரு செடி அல்லது மரத்தின் பெயர். தொடக்கத்தில் 22 பங்கர்கள் மட்டுமே இருந்தன, ரஃப் என்று ஒன்று இல்லவே இல்லை. 1999 முதல்தான் ஃபேர்வேக்கு வெளியே புல்லைக் கொஞ்சம் வளரவிட்டார்கள், பைன் மரங்களையும் கூடுதலாக நட்டார்கள். ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் பைன்களின் கீழ்க்கிளைகளைக் கழித்து, அடிமரத்தை வெறுமையாக விட்டிருக்கிறார்கள். தரையில் காய்ந்த பைன் ஊசிகளைப் பரப்பியிருக்கிறார்கள். புதர் இல்லை. பந்து பளிச்சென்று தெரியும், கிளப்பை வீச இடம் இருக்கும், இரண்டு மரங்களுக்கு நடுவே பெரும்பாலும் ஏதோ ஒரு சந்து தென்படும். தில்லியின் மரத்தடிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் உபதேசம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

முதல் ஹோல், 445 கஜம், பார் 4. வலப்பக்கம் ஆழமான பங்கர். அதற்குள் இறங்கியவர் கிரீனை மறந்துவிடலாம். இடப்பக்கம் பைன்கள். அங்கே போனவர் தாழ்வாக ஒரு ஷாட் அடித்துக் கிரீனின் வாசல்வரை உருட்டிவிடலாம். நடுவுக்கு இடப்பக்கம் குறிவைக்க வேண்டும் என்பதற்கு வேறு காரணம் தேவையில்லை.

இரண்டாவது ஹோல்தான் என் வாதத்துக்கு விதிவிலக்கு, ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். 585 கஜம், பார் 5, கீழ்நோக்கி இடப்பக்கம் வளைகிறது. இடப்பக்கக் காட்டுக்குள் ஒரு ஓடை இருக்கிறது. அந்த இடத்துக்கு ஆட்டக்காரர்கள் வைத்த பெயர் டெல்டா விமான நிறுவனத்தின் டிக்கெட் கவுன்டர். அங்கே பந்தைப் போட்டவர் ஊருக்கு டிக்கெட் எடுத்துக்கொள்ளலாம் என்று அர்த்தம். இங்கே மரத்துக்குப் பயப்பட வேண்டும், ஆனால் இடப்பக்க மரத்துக்கு மட்டும். அந்தப் பயமும் மரத்தடியில் இருக்கிற ஓடையால் வந்தது. வலப்பக்கம் பங்கர் இருக்கிறது, அதில் விழுந்தால் இரண்டாவது ஷாட்டில் கிரீனை எட்ட முடியாது, மூன்றாவதில் எட்டலாம். பார் 5இல் அது நஷ்டமே அல்ல. டிரைவரை எடுத்து வலப்பக்கமாக அடிக்க வேண்டிய ஹோல் இது. லூயி ஊஸ்தைசன் 2012 கடைசி நாளில் 253 கஜத்திலிருந்து நாலாம் நம்பர் அயர்னில் நேரே குழிக்குள் போட்டது இங்கேதான். அந்த 253 கஜத்தில் வந்து நிற்க முதலில் தூரம் அடித்திருக்க வேண்டும்.

மூன்றாவது, 350 கஜம். இங்கே அயர்ன் எடுப்பவரோடு எனக்குச் சண்டையில்லை. இடப்பக்கம் நாலு பங்கர்கள் கூட்டமாக இருக்கின்றன, கிரீனின் இடப்புறம் குறுகலானது, முன்னால் செங்குத்தான ஏற்றம். முழு வெட்ஜ் அடிக்கும் தூரத்தில் நிற்பது புத்திசாலித்தனம்தான். மரம் இந்த முடிவில் எங்கேயும் வரவில்லை என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறேன். பார் 3 ஹோல்களான நாலு, ஆறு, பன்னிரண்டு, பதினாறு நான்கிலும் டிரைவர் பிரச்சினையே இல்லை. நாலாவது கிரீனுக்கு வலப்பக்கம் மைதானத்தின் ஒரே பனை வகை மரம் நிற்கிறது; பார்த்து ரசிக்கலாம்.

ஐந்தாவது ஹோலை 2019இல் 40 கஜம் நீட்டி 495 ஆக்கினார்கள். இடப்பக்கப் பங்கர்களைத் தாண்ட 300 கஜத்துக்கு மேல் பறக்க வேண்டும். உள்ளே விழுந்தால் பந்தை வெளியே எடுப்பதே பெரும்பாடு. வலப்பக்கம் மரங்கள். இங்கேயும் மலிவான பக்கம் மரப்பக்கம்தான். அந்த ஆண்டு டைகர் வுட்ஸ் நான்கு நாளும் இந்த ஹோலில் போகி எடுத்தும் கோப்பையை வென்றார். ஒரு ஸ்ட்ரோக்கை நாலு முறை இழந்தவர் ஜெயிக்கலாம், ஒரே ஹோலில் நாலு ஸ்ட்ரோக்கை இழந்தவர் ஜெயிப்பது கடினம். மலிவான தவறு என்று நான் சொல்வது இதைத்தான்.

ஏழாவது ஹோல் உபதேசக்காரர்களின் கோட்டை. மைதானத்திலேயே மரங்கள் இறுக்கிப் பிடித்த ஹோல். பெயரோ பாம்பஸ் என்கிற புல்லின் பெயர். டீயில் நின்று பார்த்தால் இரண்டு பக்கமும் பைன் சுவர். இங்கேயாவது டிரைவரை வைத்துவிடக் கூடாதா என்பார்கள். ஹோலின் வரலாற்றைக் கொஞ்சம் பார்க்கலாம். முதலில் இது ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் மைதானத்துப் பதினெட்டாவது ஹோலை மனதில் வைத்து அமைத்த, பங்கரே இல்லாத, சின்ன பார் 4. 1930களின் பிற்பகுதியில் பெரி மேக்ஸ்வெல் கிரீனை மேட்டில் ஏற்றினார். முன்னால் மூன்று, பின்னால் இரண்டு என்று பங்கர்கள் வந்தன. அந்தக் கிரீன் வெட்ஜ் அல்லது ஒன்பதாம் நம்பர் அயர்னை எதிர்பார்த்து வடிவமைக்கப்பட்டது. ஆழம் குறைவு, உயரத்திலிருந்து செங்குத்தாக இறங்கும் பந்து மட்டுமே அதில் நிற்கும். பிற்பாடு ஹோலை மட்டும் 450 கஜத்துக்கு நீட்டினார்கள், கிரீன் அதே குணத்தோடு இருந்தது. இப்போது அயர்ன் எடுத்து 230 கஜம் தட்டுபவருக்கு மிச்சம் 220. அங்கிருந்து அந்தக் கிரீனில் பந்தை நிறுத்துகிறவர் யார்? பாதுகாப்பாக ஆடினேன் என்று திருப்திப்பட்டுக்கொண்டு முன்பங்கரில் போய் விழுவார். ஃபேர்வே மிகக் குறுகிய இந்த ஹோலில்தான் தூரத்துக்குத் தேவை அதிகம். உபதேசம் தலைகீழாகக் கவிழ்கிற இடம் இது.

2025 கடைசி நாளில் மெக்கில்ராய் இங்கே இடப்பக்க மரங்களுக்குள் அடித்தார். கேடி தடுத்தும் கேட்காமல் மரங்களின் உச்சிக்கு மேலே தூக்கிக் கிரீனில் போட்டார். பார் எடுத்தார். அதை அற்புதம் என்று காட்டினார்கள், இருக்கட்டும். அற்புதம் நடக்காமல் வெளியே மட்டும் தட்டியிருந்தால்? போகி. அவ்வளவுதான் மரம் கேட்கும் விலை.

எட்டும் ஒன்பதும் நம் வழக்குக்கு அதிகம் தேவையில்லை. எட்டில் பெரிய பங்கர் வலப்பக்கம், ஆகவே இடப்பக்கம். ஒன்பதில் கிரீனின் முன்புறம் சரிந்து கிடக்கிறது, குறைவாக அடித்த பந்து வந்த வழியே திரும்பி ஓடும். 1996இல் கிரெக் நார்மனின் சரிவு தொடங்கிய இடங்களில் அது ஒன்று. அவர் மரத்துக்குள் போகவில்லை.

பத்தாவது ஹோலில் வாதம் கொஞ்சம் நுணுக்கமானது. 495 கஜம், பெரும் இறக்கம், இடப்பக்கம் வளைவு. ஃபேர்வேயின் சரிவைச் சரியாகப் பிடித்த பந்து தானே கீழே ஓடி நிறைய தூரத்தைச் சேர்த்துக் கொடுக்கும். பிடிக்காத பந்து மேட்டிலேயே நின்றுவிடும். இங்கே மூன்றாம் நம்பர் வுட் எடுப்பவர்கள் நிறைய. அவர்களைக் காட்டி, பார், டிரைவரை விட்டுவிட்டார்கள் என்கிறார்கள். அது வளைவுக்காக எடுத்த வுட். டிரைவரைவிட அதை இடப்பக்கம் வளைப்பது எளிது, சரிவையும் பிடிக்கும். மரத்துக்குப் பயந்து மேலேயே அயர்னால் தட்டி வைத்தவருக்கு அந்த ஓட்டம் கிடைக்காது.

எந்தப் பக்கத்து மரம் மலிவு? 2011 கடைசி நாளில் நாலு ஸ்ட்ரோக் முன்னிலையோடு தொடங்கிய மெக்கில்ராய், பத்தாவது டீயிலிருந்து இடப்பக்கம் இழுத்து, விருந்தினர் குடில்களுக்கு நடுவே அடித்தார். ஏழு எடுத்தார், அன்றைய ஸ்கோர் 80. மறு ஆண்டு, 2012, பிளேஆஃபின் இரண்டாவது ஹோலாக இதே பத்தாவது. பப்பா வாட்சன் வலப்பக்கக் காட்டுக்குள் அடித்தார். பைன் ஊசிமேல் பந்து, முன்னால் மரங்கள், கையில் வெட்ஜ். இடக்கையரான அவர் பந்தைக் கிட்டத்தட்ட 40 கஜம் வலப்பக்கம் வளைத்துக் கிரீனில் நிறுத்தி, இரண்டு பட்டில் மாஸ்டர்ஸை வென்றார். எல்லோராலும் வளைக்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வலப்பக்கம் போனவருக்கு ஏதோ ஒரு ஷாட் மிச்சம் இருக்கிறது.

பதினொன்றும் அப்படியே. 520 கஜம். கிரீனுக்கு இடப்பக்கம் குளம், ஃபேர்வேக்கு வலப்பக்கம் மரம். பென் ஹோகன் இங்கே இரண்டாவது ஷாட்டில் கிரீனுக்குக் குறிவைக்காமல் வலப்பக்கம் விட்டுவிடுவதைக் கொள்கையாகவே வைத்திருந்தார். 1987 பிளேஆஃபில் லாரி மைஸ் அந்த வலப்பக்கத்திலிருந்துதான் சுமார் 140 அடி தூரத்து சிப் ஷாட்டை உள்ளே போட்டு நார்மனை வீழ்த்தினார். 1990 பிளேஆஃபில் ரேமண்ட் ஃபிளாய்ட் குளத்தில் போட்டார், நிக் ஃபால்டோ வென்றார். மரத்துப் பக்கமே சாய்ந்து ஆட வேண்டிய ஹோலில் போய் மரத்தைக் காட்டி மிரட்டுகிறார்கள்.

பதின்மூன்றுக்கு வருவோம். 2023இல் டீயை 35 கஜம் பின்னே தள்ளி 545 கஜம் ஆக்கினார்கள். இடப்பக்கம் நெடுக ஓடை, அதே ஓடை கிரீனுக்கு முன்னாலும் குறுக்கே வருகிறது. வலப்பக்கம் பைன்கள். ஃபேர்வே ஓடையை நோக்கிச் சாய்ந்திருக்கிறது. வலக்கையர் அதில் நின்றால் பந்து காலைவிட உயரத்தில் இருக்கும், அடித்தால் இடப்பக்கம், அதாவது ஓடைப் பக்கம் வளையும். நடுவில் தட்டு என்ற உபதேசத்தின்படி நடுவில் தட்டினால் பந்து அங்கேயே நிற்கும் என்றுகூட நம்ப முடியாது. ஓடையில் விழுந்தால் பெரும்பாலும் ஒரு பெனால்ட்டி ஸ்ட்ரோக். பைனுக்குள் விழுந்தால்? மோசமான நாளில் ஃபேர்வேக்குத் தட்டிவிட்டு மூன்றாவது ஷாட்டில் கிரீனுக்குப் போகலாம், பார் 5இல் அதற்கு இடமிருக்கிறது. நல்ல நாளில் என்ன செய்யலாம் என்பதை 2010 கடைசி நாளில் ஃபில் மிக்கல்சன் காட்டினார். 207 கஜம், இரண்டு பைன்களுக்கு நடுவே ஒரு சந்து, கையில் ஆறாம் நம்பர் அயர்ன். பந்து குழிக்கு நாலு அடி பக்கத்தில் போய் நின்றது. அந்தச் சின்ன பட்டைத் தவறவிட்டார் என்பது வேறு கதை. பேர்டி எடுத்தார், கோப்பையும் எடுத்தார்.

இதற்கு எதிர்ச்சாட்சி 2025. முன்னிலையில் இருந்த மெக்கில்ராய் இங்கே எல்லாவற்றையும் உபதேசப்படி செய்தார். டீயில் நிதானம், இரண்டாவது ஷாட்டில் நிதானம், ஓடைக்கு முன்னால் தட்டி வைத்தார். 100 கஜத்துக்கும் குறைவான தூரத்தில், திறந்த வெளியில், கையில் வெட்ஜோடு நின்றார். அந்த வெட்ஜ் ஷாட் ஓடைக்குள் போனது. ஏழு. ஒரு ஷாட்டை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். நிதானம் என்று பெயர் வைத்துவிட்டால் ஆபத்து விலகிவிடுவதில்லை என்பதைச் சொல்ல அந்த ஒரு ஷாட் போதும்.

எதிர்த்தரப்பின் பலமான சாட்சி ஸாக் ஜான்சன். 2007இல் நாலு நாளும் பார் 5 ஹோல்கள் பதினாறிலும் இரண்டாவது ஷாட்டில் கிரீனுக்குப் போகாமல் முன்னால் தட்டி வைத்தார். அந்தப் பதினாறில் பாருக்குக் கீழ் 11 எடுத்து மாஸ்டர்ஸை வென்றார். இது மெய்யான வரலாறு, மறுக்க ஒன்றுமில்லை. ஆனால் அவர் தன்னைத் தெரிந்து ஆடினார்: தூரம் குறைவு, வெட்ஜ் அபாரம். அவர் விட்டுக்கொடுத்தது இரண்டாவது ஷாட்டை; பதின்மூன்றிலும் பதினைந்திலும் அதற்குக் காரணம் கிரீன் முன்னால் கிடந்த தண்ணீர். டீயில் மரத்தைப் பார்த்துப் பின்வாங்கியவராக அவரைக் காட்டுவது அவருக்கே செய்யும் அநியாயம்.

பதினாலு, 440 கஜம். மைதானத்தில் பங்கரே இல்லாத ஒரே ஹோல். தண்ணீரும் இல்லை. இருப்பதெல்லாம் மரமும், பயங்கரமாக மேடுபள்ளமிட்ட ஒரு கிரீனும். அந்தக் கிரீனில் சரியான மேட்டில் பந்தை இறக்கச் சின்ன அயர்ன் வேண்டும், சின்ன அயர்ன் வேண்டுமென்றால் டீயில் டிரைவர் வேண்டும். மரம் மட்டுமே ஆபத்து என்னும்போது மாட்டினாலும் சராசரி இழப்பு 0.83 சுமார்தான். இங்கே டிரைவரை எடுக்கத் தயங்குபவரிடம் வாதாடிப் பயனில்லை.

பதினைந்து, 550 கஜம், பார் 5, கிரீன் முன்னால் குளம். 1935இல் ஜீன் சாரசன் 235 கஜத்திலிருந்து நாலாம் நம்பர் வுட்டில் நேரே உள்ளே போட்ட புகழ்பெற்ற இடம். ஃபேர்வேயின் இடப்பக்கத்தில் நிற்கும் பைன்கள் இரண்டாவது ஷாட்டை மறைக்கும். வலப்பக்கத்திலும் மரம் நட்டார்கள். நிதானக்காரர் குளத்துக்கு முன்னால் தட்டி வைப்பார். ஆனால் அந்த இடம் குளத்தை நோக்கி இறங்கும் சரிவு. இறக்கத்தில் நின்று, ஆழமில்லாத கிரீனுக்கு, தண்ணீருக்கு மேலே வெட்ஜ் அடிக்க வேண்டும். 2013இல் டைகர் அங்கிருந்து அடித்த ஷாட் அளவுக்கு மீறிச் சரியாகப் போய்க் கொடிக்கம்பத்தில் மோதிக் குளத்துக்குள் தெறித்தது. 1993இல் சிப் பெக், பெர்ன்ஹார்ட் லாங்கருக்கு மூன்று ஸ்ட்ரோக் பின்தங்கியிருந்தபோதும் இங்கே முன்னால் தட்டி வைத்தார். நாலு ஸ்ட்ரோக்கில் தோற்றார். அந்த ஒரு முடிவு அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. 1986இல் செவே பயஸ்டெரோஸ் கிரீனுக்கு அடித்துக் குளத்தில் போட்டாரே என்பார்கள். போட்டார், ஆனால் நட்டநடு ஃபேர்வேயிலிருந்து போட்டார்.

அதே பதினைந்தில் 2025இல் மெக்கில்ராய் நின்றது இடப்பக்க மரங்களுக்குப் பின்னால். பதின்மூன்றில் ஏழு, பதினாலில் போகி என்று எல்லாம் கையைவிட்டுப் போய்க்கொண்டிருந்த நேரம். 200 கஜத்துக்கு மேல், ஏழாம் நம்பர் அயர்ன், மரத்தைச் சுற்றி இடப்பக்கம் வளைத்தார். குழிக்கு ஆறு அடி பக்கத்தில் நின்றது. ஓடைக்கு முன்னால் திறந்த வெளியில் நின்றவர் ஏழு எடுத்தார், மரத்துக்குப் பின்னால் நின்றவர் பேர்டி எடுத்தார். இரண்டும் ஒரே ஆள், ஒரே மாலை.

பதினேழாவது ஹோலுக்கு ஒரு மரத்தால்தான் புகழ் வந்தது. டீயிலிருந்து சுமார் 210 கஜத்தில் இடப்பக்கம் நின்ற லாப்லாலி பைன். அமெரிக்க ஜனாதிபதி ஐசன்ஹோவர் அகஸ்டாவின் உறுப்பினர். அவருடைய பந்து அடிக்கடி அதில் மோதியதால் 1956இல் கிளப் கூட்டத்தில் அதை வெட்ட வேண்டும் என்று கேட்டார். தலைவர் கிளிஃபர்ட் ராபர்ட்ஸ் அதைப் பேசவே விடாமல் கூட்டத்தை முடித்துவிட்டார். ஒரு ஜனாதிபதியின் கோரிக்கைக்கு அகப்படாமல் தப்பித்த அந்த மரம் 2014 பிப்ரவரியில் பனிப்புயலில் சிதைந்து வெட்டப்பட்டது. எனக்கு எதிராக ஒரு சாட்சியை இங்கே நானே தருகிறேன். 2011இல் டைகர் அந்த மரத்தடியில் பைன் ஊசிமேல் நின்று ஒரு ஷாட் அடித்தார். காலில் காயம், மரத்தடி மலிவு என்ற என் கணக்கில் முழங்காலும் குதிகால் தசைநாணும் சேரவில்லை.

இனி மிச்சம் பதினெட்டு, 465 கஜம், மேலேறி வலப்பக்கம் வளையும் ஹோல். டீயிலிருந்து பார்த்தால் மரங்களுக்கு நடுவே ஒரு சுரங்கம். வளைவின் இடப்பக்கத்தில் இரண்டு பங்கர்கள். ஜாக் நிக்லஸ் தூர அடிகளால் வளைவைக் கேலிக்கூத்தாக்கிய பிறகு 1960களில் தோண்டியவை. 1988இல் சாண்டி லைல் அவற்றில் ஒன்றிலிருந்து ஏழாம் நம்பர் அயர்னில் அடித்துப் பேர்டியோடு வென்றார் என்றாலும் அது தினமும் நடப்பதல்ல. 2018 கடைசி நாளில் ஜோர்டன் ஸ்பீத்தின் டிரைவ் இங்கே கிளையில் பட்டுக் கொஞ்ச தூரத்திலேயே விழுந்தது. உபதேசக்காரர்கள் இன்றும் அதைச் சொல்லிக்காட்டுகிறார்கள். அவர் எடுத்தது போகி. அன்றைய ஸ்கோர் 64.

இந்தச் சுரங்கத்தில் அயர்ன் எடுத்தால் வளைவுக்கு முன்பே நின்றுவிடும். அங்கிருந்து கிரீனுக்கு 200 கஜத்துக்கு மேல், அதுவும் மேட்டில் ஏற வேண்டும். 2025 கடைசி நாளில் மெக்கில்ராய் இங்கே டிரைவர் எடுத்து ஃபேர்வேயில் போட்டார். மிச்சம் 125 கஜம் சுமாருக்கு. அந்த வெட்ஜ் ஷாட் கிரீனோரப் பங்கருக்குள் போனது, போகி எடுத்தார், ஜஸ்டின் ரோஸோடு சமமானார். பிளேஆஃபுக்காக அதே டீக்குத் திரும்பி வந்தார். ஒரு ஸ்ட்ரோக் தவறினால் கோப்பை இல்லை, அதுவும் இத்தனை ஆண்டாகக் கிட்டாமல் போன கோப்பை. அயர்னுக்கு இதைவிடப் பொருத்தமான நேரம் இருக்க முடியாது என்பார் நம் கிளப் மூத்தவர். மெக்கில்ராய் டிரைவரை எடுத்தார். பந்து ஏறக்குறைய முன்பு நின்ற இடத்திலேயே நின்றது. அதே வெட்ஜ் தூரம் கிடைத்தது. இந்த முறை நாலு அடிக்குள் நிறுத்திப் பேர்டி எடுத்தார்.